தடியை எந்தக் கையில் பிடிக்கிறது?

"இடுப்பு முறிஞ்ச மனிசி இனி எங்க எழும்புறது." அம்மம்மா விழுந்து இரண்டாம் நாள், விறாந்தையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டே பக்கத்து வீட்டு அன்ரி சொன்ன வசனம் இது. அவ கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஊரில் அவ கண்டது அதுதான். ஆள் விழும், இடுப்பு முறியும், கட்டிலில் படுக்கும், முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், அடுத்த வருசம் திவசம்.

அன்ரியின் கணக்கு முழுக்கப் பிழையும் இல்லை. வயதானவர்களின் இடுப்பு முறிவைப் பற்றிப் பல நாடுகளில் எடுத்த கணக்குகள் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: ஒரு வருடத்துக்குள் ஐந்தில் ஒருவர் அளவில் இறந்துபோகிறார்கள். ஆனால் எலும்பு முறிந்ததால் மட்டும் ஆள் சாவது அரிது. ஏற்கெனவே இருக்கிற வருத்தங்களோடு, படுத்தே கிடப்பதால் வருகிற நியூமோனியா, காலில் கட்டுகிற இரத்தக்கட்டி, படுக்கைப் புண் எல்லாம் சேர்ந்துதான் ஆளைக் கொண்டுபோகின்றன. அன்ரி சொன்னதை நம்பி ஆளைப் படுக்க விட்டால், அவ சொன்னது தானாகவே உண்மையாகிவிடும்.

இது 2022 மாசியில் நடந்தது. வடமராட்சியில் எங்கட வீடு. அம்மம்மாவுக்கு 78 வயது, 46 கிலோ. கிணத்தடிச் சீமெந்தில் சறுக்கி, பக்கவாட்டில் விழுந்தா. சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. எழும்ப ஏலாமல் கிடந்தா. வலது கால் மற்றக் காலைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் கால் அப்படித்தான் கிடக்கும் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு சொல் விசயம் சொல்ல வேண்டும். தமிழில் எல்லாமே இடுப்புத்தான். சீலை செருகுகிற இடமும் இடுப்பு, பிள்ளையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்பு. நாரிக்கு எங்கட ஊரில் தனிச்சொல் இருந்தும் பாதிப்பேர் அதையும் இடுப்பு என்றுதான் டொக்டரிடம் சொல்வார்கள். இடுப்பு மூட்டு என்பது இவை ஒன்றும் இல்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் இருக்கிற கிண்ணத்துக்குள் போய்ப் பொருந்துகிற இடம் அது. அங்கே பழுது என்றால் பெரும்பாலும் கவட்டுப் பக்கம் நோகும். சிலருக்கு முழங்காலில் மட்டும் நோகும். முழங்காலுக்கு மாதக்கணக்காக நோவெண்ணெய் பூசுகிற ஆள் உங்கட வீட்டில் இருந்து, எண்ணெயால் ஒரு மாற்றமும் இல்லையென்றால், ஒருக்கா இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ.

உருண்டைத் தலைக்குப் போகிற இரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை கழுத்துப் பகுதியை ஒட்டித்தான் போகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறும். பிறகு ஆணி போட்டுப் பொருத்தினாலும் தலை செத்துப்போகலாம். அதனால்தான் வயதானவர்களுக்கு அநேகமாகத் தலையையே எடுத்துவிட்டு உலோகத் தலை வைக்கிறார்கள். அம்மம்மாவுக்கு வைத்ததன் பெயர் ஒஸ்ரின் மூர். அது ஒரு டொக்டரின் பெயர். அவர் 1940இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஹரல்ட் போல்மனோடு சேர்ந்து ஒரு நோயாளிக்கு உலோகத்தில் செய்த மூட்டுத் தலையைப் பொருத்தினவர். "எனக்குள்ள ஒரு வெள்ளைக்காரன் இருக்கிறான்" என்று அம்மம்மா இப்பவும் வருகிற ஆட்களுக்குச் சொல்லுவா.

ஒப்பரேஷனைப் பற்றி இதுக்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. கொரோனா காலம், ஒருவரைத்தான் வோட்டுக்குள் விட்டார்கள், அம்மா நின்றா. ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. அதைச் செய்தவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் வீட்டில் எல்லாரும், கனடாவில் இருக்கிற மாமா உட்பட, "ஒப்பரேஷன் முடிஞ்சுது, இனிச் சரி" என்று மூச்சு விட்ட அந்த நேரத்தில்தான் உண்மையான வேலை தொடங்கியது.

அடுத்த நாள் காலையில் பிசியோ மிஸ் வந்தா. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பதுளைப் பக்கத்துப் பிள்ளை, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்தவ.

"எந்திரிங்க பாட்டி, நடக்கலாம்."

"இப்பத்தானே பிள்ளை வெட்டினவை!"

"அதுக்குத்தான் இன்னைக்கே எந்திரிக்கணும்."

அம்மா பக்கத்தில் நின்று அழுதிருக்கிறா. அம்மம்மாவோ வெட்டின காயத்தின் நோவையும் மறந்து, இது ஆர் வீட்டுப் பெட்டை, இப்பிடிக் கதைக்குது என்று பார்த்திருக்கிறா. ஆனால் மிஸ் தன் விருப்பத்துக்குச் செய்யவில்லை. ஒப்பரேஷனுக்கு அடுத்த நாளே எழுப்ப வேண்டும், பிறகு ஒரு நாளைக்கு ஒருமுறையாவது நடக்க வைக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டலிலேயே இருக்கிறது. அன்றைக்கு அம்மம்மா கட்டில் விளிம்பில் இருந்தா, வோக்கரைப் பிடித்து எழும்பினா, நான்கு அடி வைத்தா, தலை சுற்றுது என்றா, திரும்பப் படுத்தா. அவ்வளவும் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசம் ஒப்பரேஷனுக்குச் சமம் என்று இப்ப நான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் 'புனர்வாழ்வு' என்று ஒரு சொல் இருந்தது. அம்மம்மா கண்ணாடியைப் போட்டு அதை வாசித்துவிட்டு, "என்னை எங்க கொண்டுபோகப் போயினம்?" என்று கேட்டா. எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. 2009க்குப் பிறகு இந்தச் சொல் எங்கட வாய்க்கு வந்த விதம் வேறு. ஒழுங்கையில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் 'புனர்வாழ்வு' முடித்து வந்தவர்கள். ஒரு மூட்டைத் திரும்ப வேலை செய்யப் பழக்குவதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

தாளின் கீழே இன்னொரு வசனம்: 'பயிற்சிகளை வீட்டில் செய்யவும்.' வீட்டில் என்றால் வீடு செய்யாது. ஒரு பெண் செய்வாள். எங்கட வீட்டில் அது அம்மா. அவ பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு போட்டா. நான் கம்பஸ் வகுப்புகள் ஒன்லைனில் நடந்ததால் ஊரில் நின்றேன். தூக்கிறது, பிடிக்கிறது, சாமான் தேடுறது என் வேலை.

முதல் தேடின சாமான் வோக்கர். புதிதாக வாங்க விலை கேட்டால் தலை சுற்றியது. மூலை வீட்டில் காலமான ஐயா ஒருவரின் வோக்கர் கோடிப்பக்கம் கிடந்தது, கேட்டதும் தந்தார்கள். செத்த மனிசன் பிடிச்சதை நான் பிடிக்கமாட்டன் என்று அம்மம்மா ஒற்றைக் காலில் நின்றா; அதாவது, நிற்க முடிந்திருந்தால் நின்றிருப்பா. மஞ்சள்தண்ணி தெளித்த பிறகு சம்மதித்தா. ஐயா ஆறடி மனிசன். கையைத் தளர்த்தித் தொங்க விட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அங்கேதான் வோக்கரின் பிடி வரவேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தா. உயரம் குறைக்கிற பொத்தான்கள் கறள் பிடித்து இறுகிப்போய் இருந்தன. தேங்காயெண்ணெய் விட்டு ஒரு பின்னேரம் முழுக்கத் தட்டி இறக்கினேன்.

பிறகு வீட்டையே மாற்ற வேண்டி வந்தது. பின்பக்கத்தால் வெட்டிச் செய்த ஒப்பரேஷன் என்பதால் மூன்று விசயம் கூடாது: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடிக்கக் கூடாது, காலுக்குமேல் கால் போடக் கூடாது, வெட்டின காலை உள்ளே திருப்பக் கூடாது. மீறினால் புதுத் தலை கிண்ணத்தை விட்டுக் கழரலாம். மூன்று மாதத்துக்காவது இப்படி. கேட்கச் சின்ன விசயம் மாதிரி இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்து வீடு ஒன்றில் ஒரு மனிசி ஒரு நாளில் செய்கிறதை நினைத்துப் பாருங்கோ. குந்தி இருந்து முத்தம் கூட்டுறது. திருவலையில் இருந்து தேங்காய் திருவுறது. சப்பாணி கட்டி இருந்து கீரை ஆயுறது. சாமி அறையில் நிலத்தில் விழுந்து கும்பிடுறது. கிணத்தடியில் குனிந்து வாளி தூக்குறது. எல்லாத்துக்கும் மேலே, குந்துகிற கக்கூஸ். அம்மம்மா 78 வருசமாக வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அந்த 90 பாகைக்கு அங்கால்தான் இருந்தது.

கட்டில் கால்களுக்குக் கீழே புளொக் கல்லு வைத்து உயர்த்தினோம். பதிந்த சாய்மனைக் கதிரையை அறைக்குள் தள்ளிவிட்டு, கைபிடி உள்ள உயரமான மரக்கதிரையை விறாந்தைக்குக் கொண்டுவந்தோம். நித்திரையில் கால் குறுக்கே போகாமல் இரண்டு காலுக்கும் நடுவில் தலகணி. கால்மிதி, சாக்கு எல்லாம் எடுத்தாச்சு. கக்கூசுக்கு, பிளாஸ்ரிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி, கீழே வாளி. மாமா கனடாவில் இருந்து கொமட் கதிரைக்குக் காசு அனுப்பினார். அது கடைக்கு வந்து சேர ஒரு மாதம்.

மாமாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நல்ல மனிசன். ஒவ்வொரு நாளும் வட்ஸப் கோல். ஒவ்வொரு கோலிலும் ஒரே வசனம்: "அம்மாவ நடக்க விடாதேங்கோ. திரும்ப விழுந்தால் ஆர் பொறுப்பு? ஆள் ஒண்டைப் பிடிச்சு விடுங்கோ, நான் காசு அனுப்புறன்." பார்க்க வருகிறவர்களும் அதே பாட்டு. நெஸ்ரமோல்ட், பிஸ்கற், அதோடு "பாவம், எழும்பாதேங்கோ, படுங்கோ". பாவம் என்கிற சொல்லைப் போல வயதானவர்களைக் கட்டிலோடு கட்டிப்போடுகிற கயிறு வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

2007இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வை மாமாவுக்கு வொய்ஸில் சொன்னேன். நல்ல சுகத்தோடு இருந்த வயதானவர்கள் 12 பேரைப் பத்து நாள் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பத்தே நாளில் கால்களில் இருந்து மட்டும் ஒரு கிலோவுக்குக் கிட்டத் தசை போய்விட்டது. வருத்தம் ஒன்றும் இல்லாத ஆட்களுக்கே அப்படி. மாமா கேட்டுவிட்டு, "சரி, ஆனால் கவனம்" என்றார். ஒரு கிழமை பேசாமல் இருந்தார். பிறகு திரும்பத் தொடங்கினார். கடல் கடந்து இருக்கிறவருக்குப் பயத்தைத் தவிர வேறு என்ன வேலை இருக்கு?

மூன்றாம் கிழமை அம்மம்மாவே மாட்டன் என்றா. நோவு இல்லை, பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்னம் பனடோல் குடுத்தால் நோவு தாங்கக்கூடிய அளவுதான். பயம்தான் காரணம். வோக்கரைப் பிடித்தால் கை நடுங்கும். கிணத்தடிப் பக்கம் பார்க்கவே மாட்டா. இன்னொன்றையும் அம்மா அப்போதுதான் கண்டுபிடித்தா: பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அம்மம்மா தண்ணி குடிக்கிறதை நிற்பாட்டியிருந்தா. இரவில் மகளை எழுப்பி வாளிக் கதிரையில் இருக்கவும், மகள் கழுவி விடவும் வெட்கம். தண்ணி குறைந்தால் சலக்கிருமி வரும், அதோடு திரும்ப ஆஸ்பத்திரி.

பிசியோ மிஸ் தன் நம்பரைத் தந்திருந்தா. போன் எடுத்தோம். ஸ்பீக்கரில் போட்டோம். மிஸ் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாட்டி, உங்களுக்குத் தனியா என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டா. அம்மம்மா கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கக்கூசுக்குத் தனியப் போகவேணும்" என்றா. "உங்க கட்டில்ல இருந்து எத்தனை அடி?" நான் எண்ணினேன், 22 அடி. "அப்ப நாளைக்கு அஞ்சு அடி பாட்டி." அன்றையில் இருந்து பயிற்சிக்கு ஒரு முகம் வந்தது. கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்புவது கொமட்டில் இருந்து எழும்புவதற்கு. படுத்திருந்து காலைப் பக்கவாட்டில் அகட்டுவது வாசல்படி தாண்டுவதற்கு.

பக்கவாட்டில் அகட்டுகிற அந்தப் பயிற்சிதான் எல்லாத்திலும் முக்கியம் என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொல்லுவா. அதற்குக் காரணம் உண்டு. இடுப்பின் வெளிப்பக்கத்தில் ஒரு தசை இருக்கிறது. நீங்கள் ஒரு காலைத் தூக்கும்போது மற்றப் பக்கம் இடுப்பு சரிந்து விழாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அது பலம் இழந்தால் தாரா நடை வரும். அதைக் கண்டுபிடிக்க, ஒற்றைக் காலில் நிற்க வைத்து இடுப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கிற முறையை ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் திரெண்டலன்பேர்க் 1895இல் எழுதினார். இன்றைக்கும் கிளினிக்கில் அதையேதான் செய்கிறார்கள்.

அந்தத் தசை மூட்டுக்கு மிகக் கிட்ட இருந்து இழுக்கிறது. உடம்பின் பாரமோ தூரத்தில் தொங்குகிறது. சீசோ பலகையின் குட்டைப் பக்கத்தில் நிற்கிற ஆள் மாதிரி, அது பாரத்தைவிடப் பல மடங்கு பலமாக இழுத்தால்தான் சமன் ஆகும். அந்த இழுவையும் பாரமும் சேர்ந்து மூட்டில் விழும். ஜேர்மனியில் செயற்கை மூட்டுக்குள் உணரி வைத்து அளந்தபோது, சாதாரணமாக நடக்கையில் ஒவ்வொரு அடியிலும் உடல் நிறையின் இரண்டரை மடங்குக்குக் கிட்ட மூட்டில் விழுவது தெரிந்தது. 46 கிலோ அம்மம்மா ஒரு அடி வைக்க, மூட்டுக்கு 110 கிலோ.

தடி வருவது இங்கேதான். தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வெட்டின கால் வலது என்றால் இடது கையில். அந்தக் கை மூட்டில் இருந்து தூரத்தில் இருப்பதால், அங்கே கொஞ்சம் ஊன்றினாலே தசை இழுக்க வேண்டிய அளவு கனக்கக் குறைந்துவிடும். நோகிற பக்கம் பிடித்தால் அந்த நயம் கிடைக்காது. ஆனால் ஒழுங்கையில் போன ஒவ்வொருவரும் படலையில் நின்று, "ஆச்சி, தடியை மற்றக் கையில பிடியுங்கோ, நோகிற காலுக்கெல்லோ தடி!" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஐயரும் சொன்னார். ரீவியில் வருகிற தாத்தாமார்கூட அப்படித்தான் பிடிக்கிறார்கள். அம்மம்மா கடைசியில் சீசோக் கதையைப் பாடமாக்கி வைத்து, சொல்ல வந்த ஆட்களை நிற்பாட்டி வைத்து வகுப்பு எடுத்தா. படிக்கும் ஒரு வசனம் இருந்தது: ஏற நல்ல கால் முதல், இறங்க நோகிற கால் முதல். வாசலில் இரண்டே இரண்டு படி. அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் அதைத் தேவாரம் மாதிரி வாய்க்குள் சொல்லுவா.

கிளினிக்குக்கு ஆறாம் கிழமை போக வேண்டும். அது பங்குனிக் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பெற்றோலுக்கு வரிசை. ஒட்டோ அண்ணா இரவு முழுக்க வரிசையில் நின்று அடித்த பெற்றோலில் எங்களைக் கூட்டிப் போனார். அடுத்த இரண்டு கிளினிக்குக்குப் போகவே முடியவில்லை. மிஸ் தன் கையால் ஒரு தாளில் குச்சி மனிதர்களை வரைந்து படம் எடுத்து அனுப்பினா. அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். இருட்டில் எழும்பினால் விழுவா என்ற பயத்தில் கட்டிலில் இருந்து கக்கூஸ் வரை கயிறு கட்டி, அதில் வெள்ளைத் துணி முடிச்சுகள் போட்டா அம்மா. ஐம்பத்தேழு வயது அவவுக்கு. இரண்டு மாதத்தில் அவவின் நாரி போய்விட்டது. அதுக்கு எந்தத் தாளிலும் பயிற்சி இல்லை.

அம்மாவின் எலும்பைப் பற்றியும் மிஸ்தான் கேட்டா. அம்மம்மா 2016இல் கையூன்றி விழுந்து மணிக்கட்டு முறித்தவ. மாவு போட்டது, ஆறியது, மறந்தாச்சு. மாதவிடாய் நின்ற பிறகு சும்மா விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தால், எலும்பு தேய்ந்திருக்கு, அடுத்தது இடுப்பாக இருக்கலாம் என்று உடம்பு முன்கூட்டியே சொல்கிற தகவல் அது. அந்த நேரம் எலும்பைச் சோதித்து மருந்து தொடங்கலாம். இதை வாசிக்கிற உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயதென்றால், உங்கட அம்மாவோ அம்மம்மாவோ எப்போதாவது கை முறித்தவவா என்று இண்டைக்கே கேளுங்கோ.

22 அடியை அம்மம்மா ஒன்பதாம் கிழமையில் தனியே நடந்தா. இரவு பத்து மணிக்கு, ஆரையும் எழுப்பாமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. காலையில்தான் எங்களுக்குச் சொன்னா. அம்மா பேசினா, பிறகு குசினிக்குள் போய் நின்று அழுதா. கோத்தபாய நாட்டை விட்டு ஓடின கிழமை, தடியோடு மட்டும் படலை வரை போய் நின்று, ஒழுங்கையில் போனவர்களிடம் அந்தப் புதினம் கேட்டுக்கொண்டிருந்தா.

எல்லாம் பழையபடி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். குந்த ஏலாது, இனி ஒருநாளும் குந்தமாட்டா. கோயிலில் கதிரையில் இருக்கிறது அவவுக்குப் பிடிக்கவே இல்லை. சாமிக்கு முன்னால கால் தொங்கப்போட்டு இருக்கிறதா என்று தேருக்கு மட்டும்தான் போறா. திருவலையை மேசையில் பூட்டுகிற மாதிரி ஒன்று வாங்கினோம், அதில் திருவினால் பால் வராதாம். கிணத்தடிச் சீமெந்தை மேசன் கொத்திச் சொரசொரப்பாக்கி, சுவரில் குழாய்க் கைபிடி பதித்துவிட்டார். அங்கே இப்பவும் தனியே போக விடுவதில்லை.

அம்மா திரும்பப் பள்ளிக்கூடம் போறா. காலை ஏழேகாலில் இருந்து இரண்டு மணி வரை வீட்டில் அம்மம்மா தனி. கழுத்தில் துணிப்பை தைத்து அதுக்குள் போனை வைத்து மாட்டிவிட்டிருக்கிறா அம்மா. இடைவேளைக்கு எடுத்தால் அநேகமாகப் பதில் இல்லை. வந்து கேட்டால், "கோடிப்பக்கம் முருங்கையில காய் பாத்துக்கொண்டு நிண்டனான் மோனை, ஒரு கையில தடி, மற்றக் கையில கொக்கத்தடி, போனை எந்தக் கையால எடுக்கிறது?" என்பா.